பீக்கரில் வெந்நீர்

அறுபதுகளின் தொடக்கத்தில் திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளனாக இருந்தேன். எங்கள் லேப் அட்டெண்டர் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான மனிதர். வந்ததும் பீக்கரில் வெந்நீர் வைத்து, விரல்களை அதில் அமிழ்த்திக்கொண்டு நிற்பார். தவளையைத் தொடுகிற வேலைக்கு ஏதோ ஸ்ரீரங்கத்து ஆசாரம் என்று நானாக முடிவு கட்டியிருந்தேன்.

ஒருநாள் தவளையின் கால்சவ்வைக் கிள்ளிவிட்டு, ரத்தக்குழாய்ச் சுவரில் வெள்ளை அணுக்கள் வந்து ஒட்டுவதை மாணவர்களுக்குக் காட்டினேன். எல்லோரும் போன பின் அவரும் மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“இதுங்க எப்ப சார் கிளம்பும்?”

“உதவிக்கு வந்ததுங்க. புண் ஆறினா போயிடும்.”

“ஆறவே இல்லேன்னா?”

“வந்து வந்து ஒட்டிக்கிட்டே இருக்கும். கடைசியில நல்ல சதையையும் அதுங்களே கெடுத்துடும்” என்றேன், கரும்பலகையை அழித்தபடி.

“சரிங்க சார்” என்று மைக்ராஸ்கோப்பை எடுத்துவைக்கப் போனார். திரும்பிப் பார்த்தேன். லென்ஸை உயர்த்தும் திருகைப் பிடிக்க அவர் விரல்கள் மடங்கவில்லை; மூட்டுக்கு மூட்டு வீங்கிச் சிவந்திருந்தது. உள்ளங்கையால் தள்ளித் தள்ளித் திருப்பினார்.

தவளையைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துப் பதில் சொல்லியிருந்தேன்.