எதுவும் தெரியாத லேப்டாப்

வாசலில் பையைக் கவிழ்த்துக் கொட்டி, மறுபடி அடுக்கினால்தான் என் நாத்தனாருக்குக் கால் நகரும். சாவி, கண்ணாடி, குடை, சார்ஜர் என்று ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொல்வாள். "கடைக்குப் போறியா, தனிக்குடித்தனம் போறியா?" என்று அவள் அண்ணன் சீண்டுவார். "போற இடத்துல உன்கிட்டயா கேக்க முடியும்?" என்பாள்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுவது அவள் தொழில். பைத்தான் என்கிற மொழியில் எழுதி, மற்றவர்கள் அப்படியே திறந்து ஓட்டும்படி மூட்டை கட்டிக் கொடுப்பாள். வேலை ஓடினால் கம்ப்யூட்டர் "ராசாத்தி". முரண்டு பிடித்தால் "சனியனே". அது மட்டும் எனக்குக் கேட்காதபடி மெதுவாக.

கம்பெனியை விட்டு வந்தபின் தானாகப் பிடித்த முதல் வேலை ஒரு ரத்த வங்கிக்கு. எந்த ரத்தம் எங்கே இருக்கிறதென்று இணையதளத்தைக் கேட்டுச் சொல்லும் புரோகிராம். அனுப்பிய மறுநாள் காலையே அங்கிருந்து ஓர் அம்மா போனில் வந்தார்.

"தளத்தோட சான்றிதழ சரிபார்க்க முடியலன்னு வருதும்மா. சாயங்காலத்துக்குள்ள ஓடலன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு டாக்டர்."

"இங்க நல்லா ஓடுதுங்களே!"

"அப்ப அந்தச் சரிபார்ப்பையே நிறுத்திடேன்."

"அது அசல் தளந்தானான்னு பாக்குறதுங்க. கதவத் தட்டுறது யாருன்னு பாக்காமத் திறக்கலாமா? நோயாளிங்க பேரெல்லாம் அந்த வழியாத்தான் போகுது."

நான் கடவுளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன். அவளோ அலமாரியிலிருந்து அண்ணனின் பழைய லேப்டாப்பை இறக்கினாள். பாட்டுக் கேட்பதைத் தவிர அவர் அதில் எதுவும் செய்ததில்லை. புரோகிராமை அதில் ஓட்டினாள். அதே பிழை. துள்ளிக் குதித்தாள். பிழை வந்ததற்குச் சந்தோஷப்பட்ட மனுஷியை அன்றுதான் பார்த்தேன்.

"எந்தச் சான்றிதழ நம்பலாம்னு சொல்ற ஃபைல மூட்டையில வைக்கவே இல்ல, அண்ணி! என் கம்ப்யூட்டர்ல அது ஏற்கெனவே கிடக்கு, இதுல கிடையாது. புரோகிராம் அத எடுத்துக்கிட்டு, எல்லாம் சரின்னு என்னை ஏமாத்திருச்சு."

"குடையக் கூடத் தொட்டுப் பாக்குறவ, இத விட்டுட்டியே!"

"அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. மானம் போயிரும்."

ஃபைலைச் சேர்த்து, அது இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்கும் சொல்லிக்கொடுத்து, மறுபடி மூட்டை கட்டினாள். பழைய லேப்டாப்பில் ஓடியது. அனுப்பிவிட்டுப் போனையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தட்டில் போட்ட சாப்பாடு ஆறிப்போனது. வெயில் தாழ்ந்தபிறகு, "ஓடுதும்மா!" என்று செய்தி வந்தது.

மறுநாள் ரத்த வங்கிக்கே நேரில் கிளம்பினாள். வாசலில் பை கவிழ்ந்தது.

"என் லேப்டாப் உனக்கு எதுக்கு? அதுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே" என்றார் அவள் அண்ணன்.

அவள் என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அதன் மூடியைத் துப்பட்டா முனையால் துடைத்து, சாவிக்கும் முன்னால் அதைப் பைக்குள் வைத்தாள்.