ஜப்பான் படத்து அசலூர்க்காரர்

சூடேறிய பிளாஸ்டிக் வாசம் எங்காவது வந்தால் எனக்கு இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலைதான் நினைவுக்கு வருகிறது. மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டு சிடி பிளேயர் அரை மணி நேரம் ஓடினாலே அப்படி மணக்கும். ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், ஊர் திரும்பிய ஜப்பான் இன்ஜினியர் ஒருவர் அந்தப் பிளேயரையும் ஒரு பை நிறைய ஜப்பான் படங்களையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். யாருக்கும் ஒரு வார்த்தை புரியாது. அதனால் பக்கத்து வீட்டிலிருந்த மாமா, என் அம்மாவின் தம்பி, டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லோருக்கும் தானே தமிழில் குரல் கொடுப்பார். பனி பெய்யும் ரயில் நிலையத்தில் நிற்கும் ஜப்பான் பெரியவர், "பாலக்கோட்டு பஸ்ஸு போயிருச்சாங்க?" என்று கேட்பார்.

முதலில் எங்களுக்கு எல்லோருமே வெளிநாட்டுக்காரர்கள்தான். இரண்டு மூன்று படங்கள் பார்த்த பிறகு, எப்படி என்று தெரியவில்லை, ஜப்பான்காரர்கள் "நம்மாளுங்க" ஆகிவிட்டார்கள். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றினார்கள், தரையில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். அநேகமாக எல்லாப் படத்திலும் ஒரு வெள்ளைக்காரர் வந்து நிலையில் தலையை இடித்துக்கொள்வார், பாய் மேல் ஷூவோடு ஏறுவார், சாப்பிடும் குச்சிகளை உளியைப் பிடிப்பதுபோலப் பிடிப்பார், பக்கத்தில் இருப்பவரிடமும் தூரத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலக் கத்துவார். "வூட்டுக்குள்ள ஷூவோட வரான் பாருங்க" என்று அம்மா முகம் சுளிப்பார். ஒரு படத்தில் தலைப்பாகையும் பெரிய மீசையுமாக ஒரு இந்தியர் குழம்பு ஊற்றினார். "இவரு எந்தூருங்க?" என்று அம்மா கேட்க, அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "நம்ம பக்கம் இல்ல" என்றார்.

அப்போது மாமாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். அத்தை ஆனேக்கல் பக்கம், கன்னடம் பேசும் வீட்டுப் பெண். வந்த புதிதில் ஒருநாள் எங்கள் வாசலில் நின்று, "அக்கா, ஹாலு வந்திருக்கு" என்று கூப்பிட்டார். கன்னடத்தில் ஹாலு என்றால் பால். அம்மாவின் காதில் அது "ஆளு" என்று விழுந்துவிட்டது. யாரோ விருந்தாளி என்று புடவையைச் சரிசெய்துகொண்டு ஓடினால், வாசற்படியில் பால் கேன் மட்டும் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் பாலுக்கு "ஆளு" என்றே பேர்.

அடுத்த ஞாயிறு படத்தில் வெள்ளைக்காரரை நடுவில் உட்காரவைத்து, ஊரே சுற்றி நின்று அவர் சாப்பிடுவதைப் பார்த்தது. வேண்டும் என்பதைப் 'பேக்கு' என்றும் சாப்பாட்டை 'ஊட்டா' என்றும் கலந்து பேசும் அத்தையின் தமிழையே மாமா அவருக்குக் கொடுத்தார். "எனக்கு ஒரு லோட்டா ஹாலு பேக்குங்க, ஹாலு இல்லாம ஊட்டா எறங்காதுங்க." அறையே சிரித்தது. எனக்கு ஒன்பது வயது, விக்கல் வரும்வரை சிரித்தேன். சமையலறை வாசலில் நின்றிருந்த அத்தையும் சிரித்துவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. கேட்டதற்குத் தலையசைப்பார், சோறு போடுவார், என் தலையைப் பின்னிவிடுவார், வாய் மட்டும் திறக்காது. நாலாம் நாள் மாமா அம்மாவிடம் வந்து, "அவங்க அம்மா வூட்டுக்குப் போயிருவாளோன்னு பயமா இருக்குக்கா" என்றார். "பேசறதுக்கு முந்தி பயந்திருக்கணும்டா" என்றார் அம்மா. அத்தை போய்விட்டால் நான் சிரித்ததால்தான் என்று எனக்கும் உறுதியாகத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா தயங்கியபடி அதே படத்தைப் போட்டார். சாப்பாட்டுக் காட்சி வந்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது. "நீங்க சும்மா இருங்க. இவருக்கு நான் பேசறேன்." அத்தை முன்னால் வந்து உட்கார்ந்தார். வெள்ளைக்காரர் நிமிர்ந்து பார்க்க, "ஏன் நோட்தீரா? ஊட்டா மாடோக்கே பிடி" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "என்ன பாக்கறீங்க, சாப்புட வுடுங்கங்கறாரு. இத்தினி பேரு நின்னு வாயையே பாத்தா யாருக்குங்க சோறு எறங்கும்?"

மாமா தலை குனிந்துகொண்டார். அம்மாதான் முதலில் சிரித்தார். அந்தப் படத்தில் அந்த வெள்ளைக்காரர் அழகாக இருந்தார் என்பதை நான் அன்றுதான் கவனித்தேன்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. செல்போனில் தமிழில் பேசும் ஜப்பான் பொம்மைப் படங்கள் பார்க்கிறாள். அதில் ஜப்பான்காரரும் வெள்ளைக்காரரும் ஒரே சுத்தமான தமிழ் பேசுகிறார்கள். யார் வெளியாள் என்றே அவளுக்குத் தெரிவதில்லை. அது நல்லதா, ஏதோ ஒன்று அவளுக்குக் கிடைக்காமல் போகிறதா என்று யோசிக்கிறேன். செல்போனே கொடுத்திருக்கக் கூடாதோ என்றும் யோசிக்கிறேன்.

போன மாதம் அவளை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஆனேக்கலிலிருந்து அத்தையின் தம்பி பிள்ளைகள் போனில் பேசினார்கள். அத்தை ஏதோ கன்னடத்தில் கேட்க, அவர்கள் அதையே திரும்பச் சொல்லிச் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். என்னவென்று கேட்டேன். "நான் பேசறது தமிழாளுங்க கன்னடம் பேசற மாதிரி இருக்குதாம். எப்ப மாறுச்சுன்னே தெரியல கண்ணு."

"அன்னைக்கி மாமா ஒங்கள மாதிரி பேசினப்ப நானுந்தான் சிரிச்சேன் அத்தை" என்றேன்.

"நீதான் ரொம்ப சிரிச்ச" என்றார் அத்தை.