தந்தி தொடாத வில்

எனக்கு அப்போது ஒன்பது வயது. இடது காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் காது கேட்காமல் போய்விடலாம், மருந்துக்குக் கேட்காவிட்டால் காதுக்குப் பின்னால் கீறிச் சுத்தம் செய்ய வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் "போய்விடலாம்" என்றதை "போயே போய்விடும்" என்று திருத்தி, அம்மா தினமும் என்னிடம் ஒப்பித்துவந்தாள். நானோ ஒருநாள் யாருக்கும் தெரியாமல் முகத்துவாரத்தில் முங்கிக் குளித்திருந்தேன்.

அதற்கு மறுநாள்தான் அப்பா என்னைக் கச்சேரிக்கு அழைத்துப் போனார். தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா எங்கள் ஊர் பட்டினச்சேரியிலேயே தங்கிவிட்டாள். அப்பாவின் அக்கா கல்யாணமாகிப் பிரான்சுக்குப் போனவர். அங்கேயே பிறந்து வளர்ந்த அவருடைய மகள், கூடப் படித்த மூன்று பேருடன் காரைக்காலில் வாசிக்க வந்திருந்தாள். மண்டபத்தில் பிரெஞ்சு பென்சன் வாங்கும் பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். இரண்டாவது வரிசையில், மகளோடு வந்திருந்த அத்தை, நான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா. சத்தம் இடைஞ்சல் என்று ஏசியைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு பேரிடம் வயலின். அத்தை மகளிடம் அதைவிடக் கொஞ்சம் பெரியது. ஒருவர் ஆளுயர வாத்தியத்தை முழங்காலுக்கு நடுவே நிறுத்தியிருந்தார். சாமி பாட்டோ சினிமாப் பாட்டோ வரும் என்று காத்திருந்தோம். வந்தது, கயிறு இழுபடுவது போலவும் படகின் அடி மணலில் உரசுவது போலவும் ஏதோ ஒன்று. அது மெல்ல மெல்லத் தேய்ந்தது. பிறகு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. வில் நான்கும் ஏறி இறங்கின. விரல்கள் தந்தியில் ஓடின. அத்தை மகள் மூச்சை இழுத்துத் தலையை அசைத்ததும் மற்ற மூவரும் சேர்ந்து அசைந்தார்கள். சத்தம் மட்டும் இல்லை.

கடல் தண்ணீர் உள்ளே போய் வேலையைக் காட்டிவிட்டது என்று நினைத்தேன். அத்தையைப் பார்த்தேன். கண்ணை மூடிச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முன்வரிசைப் பெரியவர்கள் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊருக்கே கேட்கிறது, எனக்கு மட்டும் இல்லை. வாயைத் திறந்து பேசிப் பார்க்கவும் பயம். என் குரலே எனக்குக் கேட்காவிட்டால்?

அப்போது அப்பா என் கையைப் பிடித்தார். அவர் உள்ளங்கை நனைந்திருந்தது. விரலால் தன் காதைத் தொட்டு, என்ன என்பது போல முகவாயை உயர்த்தினார். காது எப்படி இருக்கிறது என்று விசாரிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் நாளைக்கே கீறிவிடுவார்கள். நல்லாயிருக்கு என்று பலமாகத் தலையாட்டினேன்.

அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. கையை விட்டுவிட்டு மேடைப் பக்கம் திரும்பி, மற்றவர்களைப் போலவே புன்னகை செய்ய ஆரம்பித்தார்.

பின்னாலிருந்து ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. எனக்குக் கேட்டது! உயிர் திரும்பியது. மண்டபமே திரும்பி முறைத்தது. அப்பா மட்டும் திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் வில்கள் தந்தியில் இறங்கி, சத்தம் பெரிதாக எழுந்தது.

முடிந்ததும் எல்லோரும் காப்பியோடு சூழ்ந்துகொண்டார்கள். அத்தை மகள் தன் உடைந்த தமிழில் எனக்கு விளக்கினாள்.

"அந்த இடத்துல நாங்க வாசிக்கலை. வில்லு தந்தியைத் தொடாது, கை மட்டும்தான் போகும். சத்தத்தை நீங்க மனசுல போட்டுக்கணும்."

அந்த இரைச்சலுக்கு நடுவே அப்பாவும் பக்கத்தில்தான் நின்றார். எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினார்.

திரும்பும்போது பைக்கில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நடுங்கி, திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் அவர் முதுகைப் பார்த்து, "நேத்து முகத்துவாரத்துல குளிச்சேன்ப்பா" என்றேன். பதில் இல்லை. அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்பா விசைப்படகில் டிரைவர். எஞ்சினுக்கு மேலேயே வருஷக்கணக்கில் நின்றவர். வலை இழுக்கும்போது கயிற்றில் யாருடைய காலாவது மாட்டினால், அவன் போடும் ஒரு கூப்பாட்டில் எஞ்சினை நிறுத்த வேண்டியது டிரைவர்தான். அடுத்த வாரம் படகுக்காரர் ஆள் அனுப்பியபோது, அப்பா வாசலிலேயே சொல்லிவிட்டார்:

"இனிமே வேற ஆளப் போட்டுக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு கரையிலேயே வலை பின்னினார். என் காது மருந்திலேயே ஆறிவிட்டது. காதைத் தொட்டு அப்பா கேட்டது என் காதைப் பற்றி அல்ல, அந்த இசை உனக்குக் கேட்கிறதா என்றுதான் என்பது, நான் வேலைக்குப் போய் அவருக்குக் காதுக் கருவி வாங்கக் கூட்டிப்போன நாளில் அவரே சொல்லித்தான் தெரிந்தது. நான் தலையாட்டியதைப் பார்த்துத்தான், போனது தன் காது என்று முடிவு செய்தாராம்.

அன்றைக்கு அதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அப்பா வீட்டோடு இருந்தது சந்தோஷம்தான். ஆனால் அந்த நாளிலிருந்து அம்மா அவரிடம் எதைச் சொன்னாலும் உரக்கக் கத்தியே சொன்னாள். சோறு போடவா என்பதைக்கூட. இரண்டு பேருக்கும் பெரிய சண்டை, அம்மா எங்களை விட்டுப் போய்விடுவாள் என்று நான் வெகுகாலம் பயந்துகொண்டிருந்தேன்.