டீச்சரின் விரல்கள்

மகளின் பையைத் துவைக்கக் கவிழ்த்தபோது சாக்பீஸ் துண்டு விழுந்தது. அந்த வாசனை என்னைத் தொண்ணூறுகளின் கணபதி என்ற எங்கள் ஊரில், லேத் பட்டறைச் சத்தத்துக்கு மேலே வாய்ப்பாடு கத்திய, இப்போது இடித்துவிட்ட எங்கள் ஓட்டுப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. வாய்ப்பாடு தப்பினால் டீச்சர் மற்றப் பிள்ளைகளின் காதைக் கையால் திருகுவார். காலனிப் பிள்ளைகளான எங்களுக்கு மட்டும் தொடாமல் தள்ளி நின்று ஸ்கேலால் அடி. நான் அடி வாங்கியதற்கெல்லாம் வருந்தாத அம்மா, இதைக் கேட்டதும் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கு வந்தாள்.

“ஏனுங்க டீச்சர், தப்புப் பண்ணுனா எம்புள்ள காதையும் கையிலயே திருகுங்க.”

மறுநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் நான் தடுமாறியபோது, சாக்பீஸ் மணக்கும் விரல்கள் என் காதைப் பிடித்தன.

சாயங்காலம் சிவந்த காதைப் பார்த்த அம்மா, “கையிலயா கண்ணு?” என்றாள்.

தலையாட்டினேன். அப்புறம்தான் தேங்காயெண்ணெய் எடுத்து வந்தாள்.