தருய் என்று வாய் சொன்ன மத்தியானம்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மெல்பேர்னில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலைக்கு நின்று களைப்புக்கு மட்டும் நாலைந்து சொல் படித்துவிட்டேன். வேலை முடிந்து போகிறவரைப் பார்த்து மற்றவர்கள் 'ஒட்சுகரேசாமா' என்பார்கள்: களைக்கக் களைக்க உழைத்தீர்கள், நன்றி. 'ட்சுகரேதா' என்றால் களைத்துப்போனேன். 'ஹெதோஹெதோ' என்றால் நிற்கச் சீவனில்லை. இவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். 'தருய்' அப்படியில்லை. நோய் வந்ததுபோல உடம்பே கனத்துக்கிடக்கிற ஏலாமை அது. சாப்பாட்டைத் தொடுகிற வேலை என்பதால், அதைச் சொன்னவரைக் குசினிக்குப் பொறுப்பான ஜப்பானிய அம்மா உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

மூன்று மாதமாக எனக்கு அதுதான். சோற்றை விசிறி ஆற்றும்போது கை தானாக விழும். வாயோ 'ட்சுகரேதா' என்றே சொல்லும். தற்காலிக விசாக்காரன் நான். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் நின்றால் ரோஸ்டரில், அந்த வேலைமுறைப் பட்டியலில், வேறொருவர் ஏறிவிடுவார், வேலை போனால் விசாவும் போகும் என்று பயம். அப்படிச் சட்டம் உண்டோ தெரியாது. கேட்கவும் பயம்.

என்னோடு ஒரே படகில் வந்தவன்தான் அங்கே பாத்திரம் கழுவினான்.

"என்னண்ணை, விடிஞ்சாப் பொழுதுபட்டா ட்சுகரேதா. ஒருக்கா டொக்டரிட்டைப் போங்கோவன்."

"போனா எழுதிப்போடுவாங்களடா."

"என்னத்தை?"

"வருத்தக்காரன், நோயாளி எண்டு."

"அது உங்கட மூஞ்சியிலயே எழுதிக்கிடக்கு."

ஒரு மத்தியானம் சோற்றுத் தொட்டி கைநழுவி, சோறு முழுக்க நிலத்தில். அந்த அம்மா ஓடிவந்தார். ஏசவில்லை, என்ன செய்கிறது என்று கேட்டார். 'தருய்' என்றேன். எப்படி வாயில் வந்ததோ.

என் ஏப்ரனை அவரே அவிழ்த்தார். டொக்டரின் கடிதத்தோடு வா, உன் இடம் இருக்கும் என்றார். வாசலில் எனக்கு ஒட்சுகரேசாமா கிடைக்கவில்லை. 'ஒதாய்ஜினி' என்றார், உடம்பைப் பார்த்துக்கொள் என்று. நோயாளிக்குச் சொல்கிற சொல்.

மூன்று தரம் கிளினிக்குக்குப் போனேன். முதல் இரண்டு தரமும் வாசலோடு திரும்பிவிட்டேன். மூன்றாம் தரம் உள்ளே போய் இருந்தேன். அங்கிருந்த பெண் ஒரு படிவத்தைத் தந்தாள். பெயர், பிறந்த திகதி எழுதினேன். அடுத்த வரியில் விசா என்ன வகை என்று கேட்டிருந்தது. படிவத்தை நான் உட்கார்ந்திருந்த கதிரையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் பின்னால் கூப்பிட்டாள். கேட்காதவன்போல நடந்தேன்.

கடிதம் இல்லை. இந்த வார ரோஸ்டரிலும் நான் இல்லை.