தவக்காலத்து அல்லேலூயா

தையல் மெஷின் ஓடத் தொடங்கினால் அம்புறோஸின் வாயும் ஓடத் தொடங்கிவிடும். கெலிஓயாவில் முச்சக்கரவண்டிகளுக்கு சீட் தைத்துக் கொடுக்கும் குஷன் கடை அவருடையது. றெக்சினை மடித்து ஊசிக்கடியில் தள்ளியபடியே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கான பாட்டுகளைப் பாடிப் பார்ப்பார். சுருதி சரியில்லை என்றால் மெஷின் நின்றுவிடும். வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

கோயிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் அவர். எப்போதும் தணிந்த சுருதியில்தான் எடுப்பார். ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். குளிரில் கட்டிப்போன தொண்டைகளுக்கு எது எட்டும், எது எட்டாது என்று தெரியும். "மேல புடிச்சா நான் மட்டுந்தான் பாடணும். அப்புறம் அது கச்சேரி, பூசை இல்ல."

தவக்காலம் வந்தால் இன்னும் கண்டிப்பு. ஈஸ்டர் வரை அல்லேலூயா பாடக் கூடாது என்பது திருச்சபை முறை. அம்புறோஸ் அதை உச்சரிக்கவும் மாட்டார். "அந்த வார்த்தை" என்பார். ஒத்திகையில் ஒருமுறை வாய் தவறிப் பாடிய ஓர்கன் வாசிக்கும் அஞ்சலா டீச்சரை, டீச்சர் என்றும் பாராமல் வெளியே நிற்க வைத்தார்.

போன வருடம் தை மாதத்தில் மனைவி பியட்றிஸின் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து கடையில் பாட்டில்லை.

"என்தேன் அம்புறோஸ், பாட்டு மெஷின் பழுதாப் போச்சா?" என்று பக்கத்து டயர் கடை ஹபீல் கேட்டுப் பார்த்தார். அம்புறோஸ் குனிந்து றெக்சினை மடித்துக்கொண்டிருந்தார். அன்று மாலை ஹபீல் தேத்தண்ணி மட்டும் அனுப்பி வைத்தார்.

ஞாயிறுகளில் அம்புறோஸ் பாடத்தான் செய்தார். ஆனால் ஒரு நாள் மனைவியிடம் சொல்லிவிட்டார்: "வாய் பாடுது, பியட்றிஸ். உள்ள ஒண்ணுமே இல்ல. இப்பிடிப் பாடுறது சாமிய ஏமாத்துற மாதிரி. ஃபாதர்கிட்ட சொல்லி விட்டுரலாம்னு பாக்குறேன்."

"நோவு எனக்கு. நானே போய் நின்னு பாடுறேன், ஒங்களுக்கு என்ன வந்துச்சு? மூடிக்கிட்டுப் பாடுங்க."

தவக்காலத்தின் இரண்டாம் சனிக்கிழமை டாக்டர் சொன்னார்: பயப்பட ஒன்றுமில்லை, வெறும் கொழுப்புக் கட்டி. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு கடலை வடை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். கெலிஓயா வந்து இறங்குவதற்குள் பியட்றிஸ் தன் வடையைச் சாப்பிட்டுவிட்டு அவருடையதையும் வாங்கிச் சாப்பிட்டாள்.

மறுநாள் பூசை. பீடத்தில் தவக்காலத்து ஊதாத் துணி. நற்செய்தி வாசகத்துக்கு எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்புறோஸ் வாயைத் திறந்தார்.

"அல்லேலூயா!"

அதுவும் உச்சத்தில். அஞ்சலா டீச்சரின் விரல்கள் ஒரு கணம் திகைத்து, பிறகு சுருதியைத் தேடி ஓடின. அவர் எடுத்தால் பாடிப் பழகிய சனம். யோசிக்காமல் பின்னாலேயே போனது. எட்டாத தொண்டைகளும் எட்டிப் பிடித்தன. பாடி முடித்த பிறகுதான் அம்புறோஸுக்கு ஊதா நிறம் கண்ணில் பட்டது. புத்தகத்தோடு நின்ற ஃபாதர் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அம்புறோஸ் ஃபாதரிடம் போய்த் தலைகுனிந்து நின்றார். "வேற ஆளப் பாருங்க ஃபாதர். நான் இதுக்கு லாயக்கில்ல."

ஃபாதர் மன்னாரைச் சேர்ந்த இளம் குரு. பூசைக்கு முன்பே வாசலில் வைத்து பியட்றிஸ் அவரிடம் செய்தியைச் சொல்லியிருந்தாள்.

"அக்காவுக்கு ஒண்டும் இல்லையாமே?"

"ஒண்ணும் இல்ல ஃபாதர்." அதைச் சொல்லும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

"அப்ப சரி. மிச்சத்தை ஈஸ்டர் வரைக்கும் அடக்கி வையுங்கோ."

திங்கட்கிழமை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருந்து ஹபீலின் குரல் வந்தது: "ஆ, மெஷின் சரியாயிட்டு போல!"

அம்புறோஸ் இன்றும் அதே கோயிலில் ஓர்கன் பக்கத்தில் நின்று பாட்டு எடுத்துக் கொடுக்கிறார். இந்த வருடத் தவக்காலத்திலும் நற்செய்திக்கு எல்லோரும் எழுந்ததும், பாடுவதற்கு முன் பெண்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். மூன்றாவது வரிசையில் பியட்றிஸ் இரண்டு விரலால் தன் உதட்டை இறுக்கி மூடிக் காட்டுகிறாள்.