அடிவரிசைத் தோட்டாக்கள்

பென்சில்வேனியா மலையோரத்துத் துப்பாக்கிக் கிளப்பில், ஆர்டித்தின் மேசையைத் தாண்டாமல் யாரும் பழைய பட்டாளத்துத் தோட்டாவைச் சுட முடியாது. தகரப்பெட்டியை அடிவரை கொட்டி ஒவ்வொன்றாகத் துடைப்பாள். அடிப்பக்கத்தில் பொறித்த ஆண்டைப் பூதக்கண்ணாடியில் படிப்பாள். விரிசலோ பச்சைக் களிம்போ தென்பட்டால் ஒதுக்கிவிடுவாள். "இது சுட்டா உப்பு படியற வெடிமருந்து. வீட்டுக்குப் போனதும் துப்பாக்கிக் குழாயை வெந்நீர் விட்டுக் கழுவு, இல்லன்னா துருப்பிடிச்சுரும்" என்று அதட்டி அனுப்புவாள்.

"நீ பார்த்து முடிக்கறதுக்குள்ள நான் சுடப்போற மான் பேரன் பேத்தி எடுத்துரும்" என்பான் கிளப்பின் பழைய வேட்டைக்காரன் ஹார்லன்.

"எடுக்கட்டும். உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கும்ல."

அவள் தம்பி மெர்லுக்கு ஒரு கண்தான். இருபத்தாறு வருடங்களுக்கு முன் அவன் கொண்டுவந்த பெட்டியில் அவள் மேல்வரிசையை மட்டும் பார்த்தாள். எல்லாம் பளபளவென்றிருந்தன. வீட்டில் அடுப்பில் ஆப்பிள் பலகாரம் வெந்துகொண்டிருந்த அவசரம். "நல்லாதான் இருக்கு, எடுத்துட்டுப் போ" என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் ஒரு தோட்டா அவன் முகத்தருகே வெடித்தது. அப்போதெல்லாம் அந்தக் கிளப்பில் யாரும் காப்புக்கண்ணாடி போடுவதில்லை.

"என் தப்புதான்" என்றான் மெர்ல், ஆஸ்பத்திரியில். "டிக்னுச்சு, வெடிக்கல. முப்பது எண்ணாம துப்பாக்கித் தாழைத் திறந்துட்டேன்."

தோட்டா தாமதித்தும் வெடிக்கலாம் என்பதால், வெடிக்காத துப்பாக்கியை இலக்கின் பக்கமே பிடித்து முப்பது வரை எண்ண வேண்டும் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்த விதி. கட்டிலைச் சுற்றி நின்ற கிளப்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் ஆர்டித் அவனைத் திட்டித் தீர்த்தாள். அன்றிலிருந்து அவனுக்கு 'முப்பது' என்றே பெயர். அவனும் கூடச் சிரிப்பான். அவள் அந்தப் பெட்டியைக் கேட்டபோது போலீசில் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னான். அவளுக்கோ உள்ளே ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் அதன்பிறகு எந்தப் பெட்டியையும் அடிவரை பார்க்காமல் விட்டதில்லை.

இந்த வருடம் அக்டோபரில் மெர்ல் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அடுத்த வாரம் அவன் மனைவி வெல்மா அந்தப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"பரண்ல இருந்துச்சு. இதெல்லாம் குப்பையில போடக் கூடாதுன்னு நீதானே சொல்லுவே."

ஆர்டித் கொட்டினாள். அடிவரிசை முழுக்கப் பச்சைப் பசேலென்று களிம்பு. ஒரு பழைய காலுறைக்குள் வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு ஒன்று கிடந்தது. தாழ் திறந்திருந்தபோது வெடித்திருந்தால் அது தாறுமாறாகக் கிழிந்திருக்கும். இது வடிவம் குலையாமல் நேராக இருந்தது. அடியருகே மட்டும் ஒரு வெடிப்பு; அதன் வழியேதான் நெருப்பு அவன் முகத்தில் பீறிட்டிருக்கிறது. அந்த வெடிப்பின் விளிம்பிலும் களிம்பு அரித்த தடம். தாழ் மூடித்தான் இருந்திருக்கிறது. அவன் முறைப்படி சுட்டிருக்கிறான். நின்று எண்ணும்படி எதுவும் நடக்கவே இல்லை; அவள் பார்க்காமல் விட்ட தோட்டாதான் அவன் கண்ணைப் பறித்திருக்கிறது.

"வெல்மா, உங்கிட்ட ஏதாவது சொன்னானா?"

"'முப்பதுங்கற கேலியை நீ ஏன் பொறுத்துக்கறே?'ன்னு ஒரு தடவை கேட்டேன். 'எனக்கு ஒரு கண்ணு போச்சு, அதோட போகட்டும். அவளுக்கு அந்த மேசையும் போகணுமா?'ன்னான். எனக்கு அப்பப் புரியல."

ஆர்டித் வாய்விட்டு அழுதாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தவனை என்னவெல்லாம் பேசினோம் என்று நினைக்க நினைக்க நெஞ்சு ஆறவில்லை.

சனிக்கிழமை கிளப்பில் ஹார்லன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "நம்ம முப்பது இல்லாம இங்க வெறிச்சுன்னு இருக்கு, ஆர்டித்."

அவள் அந்தக் கூட்டை அவன் முன் வைத்தாள். பூதக்கண்ணாடியையும் அவன் பக்கம் நகர்த்தினாள்.

"அவன் பேரு மெர்ல். அன்னிக்கு நான் அடிவரை பார்க்காம குடுத்தனுப்பின தோட்டா இது, நீயே நல்லாப் பாரு. பார்த்துட்டு, இந்த மேசையில இனி யாரு உட்காரணும்னு சொல்லு."